புதன்கிழமைச் சங்கு

"லோனி, அந்த இரும்புத் தடி எதுக்கு?"

"துணைக்கு மேடம். ராய்ஸ் ஆறேகால் அடி. நான் அஞ்சடி சொச்சம். மிச்ச உயரத்துக்கு இது."

"நாம கோர்ட்டுக்குப் போற ஆளுங்க, அடியாளுங்க இல்ல. இறக்கி வை."

இறக்கி வைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே என் மழைக்கோட்டைப் போட்டு மூடினேன். வெர்னா ஹேட்செல் பார்த்தும் பார்க்காதது போல வண்டியைக் கிளப்பினார்.

வெர்னாவுக்கு அறுபத்தேழு வயது. பாதி ஆயுசை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கூரைகளின் மேல் ஏறி இறங்கிக் கழித்தவர். ஆலங்கட்டி விழுந்து நெளிந்த தகரம் எது, வீட்டுக்காரனே சுத்தியலால் தட்டி நெளித்த தகரம் எது என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடுவார். ஓக்லஹோமாவில் ஆலங்கட்டிக்கும் பஞ்சமில்லை, சுத்தியலுக்கும் பஞ்சமில்லை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காரத் தெரியாமல் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே குழந்தையின் அம்மாவுக்கு ஒரு வக்கீல் இருப்பார், அரசாங்கத்துக்கு ஒரு வக்கீல் இருப்பார். அடிபட்ட, கேட்பாரற்றுக் கிடந்த குழந்தையைப் பற்றி மட்டும் கவலைப்பட ஊர்க்காரர் ஒருவரை நீதிபதி நியமிப்பார். சம்பளம் கிடையாது. எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், டீச்சரையும் டாக்டரையும் கேள்வி கேட்கலாம். பார்த்ததைப் பார்த்தபடி நீதிபதியிடம் சொல்ல வேண்டும். வெர்னா அப்படி ஒருவர். நான் லோனி பாஸ்கம், கேஸ் லாரி ஓட்டி இடுப்பு போனவன். பயிற்சி முடித்துவிட்டு வேலை பழக அவர் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். ஓய்வு இடுப்புக்குத்தான், வாய்க்கு இல்லை.

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், குழந்தைகள் நலத்துறையின் கேலின் போனில் சொன்ன செய்தி.

"மிஸ் வெர்னா, சார்லா வீட்ல ஆம்பளை இருக்கான். வாசல்ல பெரிய பூட்ஸ் கிடக்கு. அவ வேலைக்குப் போன நேரத்துல உள்ள குழாய்த் தண்ணி ஓடற சத்தம் கேக்குதாம், பக்கத்து டிரெய்லர் வீட்டுக்காரர் சொல்றார். சிங்க்ல ரெண்டு தட்டு. ராய்ஸ் திரும்பி வந்துட்டான். ரெண்டு மணிக்கு ஜட்ஜ்கிட்ட சொல்லிடப் போறேன். எனக்கு வேற வழி இல்ல."

கேலினைக் குறை சொல்ல முடியாது. இந்த வழக்குக்கு வந்த நான்காவது அதிகாரி அவள். ராய்ஸ் என்கிறவன் சார்லாவோடு குடியிருந்தவன். கார்க் கதவில் வைத்து அவள் வலது கையை நசுக்கியவன். தடுக்க ஓடிவந்த அவள் மகள் ஜூனியைத் தூக்கி எறிந்ததில் பிள்ளையின் தோள் எலும்பு முறிந்தது. அதோடு ஜூனியை வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சார்லா அவனைத் துரத்திவிட்டு, வேலை தேடி, வகுப்புகளுக்குப் போய், நீதிபதி சொன்ன அத்தனையும் செய்து முடித்திருந்தாள். சனி ஞாயிறுகளில் ஜூனி அம்மாவிடம் போய்வர அனுமதியும் கிடைத்திருந்தது. ராய்ஸ் அந்த வாசலை மிதித்தது நிரூபணமானால் எல்லாம் போச்சு. ஜூனி இனி வீடு திரும்ப மாட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு நீதிமன்றமே வேறு அம்மா தேடும்.

"முதல்ல பள்ளிக்கூடம்," என்றார் வெர்னா.

சின்ன வகுப்புகளுக்கு மதியச் சாப்பாட்டு மணி காலையிலேயே அடித்துவிடும். ஜூனி எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். சோளமாவில் தோய்த்துப் பொரித்த சாஸேஜைக் குச்சியோடு பிடித்துக் கெச்சப்பில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தலையைச் சுற்றி, மண்டையோடு ஒட்டினாற்போல் கிரீடம் மாதிரி பின்னல்.

"சனி ஞாயிறு எப்படிப் போச்சு செல்லம்?" என்றார் வெர்னா.

"ஜோராப் போச்சு. எங்க வீட்ல யாருமே இல்ல."

நான் வெர்னாவைப் பார்த்தேன். வெர்னா கெச்சப்பைப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டே?"

"அம்மா பீன்ஸ் போட்டுக் கறி செஞ்சாங்க. வெங்காயம் போடல. ஷெல்பிக்கு வெங்காயம் ஆகாது."

ஷெல்பி என்பது ஜூனியின் கற்பனைத் தோழி. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் அதிகாரி அப்படித்தான் எழுதிவைத்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே எழுதினார்கள். அடிபட்ட பிள்ளைகள் இல்லாத தோழியை உண்டாக்கிக்கொள்வது சகஜம் என்று பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஷெல்பிக்கு ராய்ஸைப் பிடிக்குமா?" என்று கேட்டேன். மேசைக்கு அடியில் வெர்னாவின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது.

"ராய்ஸ் வந்தா ஷெல்பி அவன் மூஞ்சியைப் பேத்துடுவா," என்றாள் ஜூனி. குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "ஆனா அவன் வரல. யாருமே வரல."

வெர்னா அவள் கவனத்தைத் திருப்பினார். "தலை ரொம்ப அழகா இருக்கே!"

ஜூனி பின்னலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "தொட்டுக் கலைச்சுடாதீங்க. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அப்படியே வெச்சிருக்கேன். தூங்கறப்பகூடத் தொப்பி போட்டுக்கறேன்."

"கலைக்க மாட்டேன். சரி, இன்னிக்கு ஜட்ஜ்கிட்ட உனக்காக நான் என்ன சொல்லணும்?"

"எல்லாரும் வீட்டுக்கு வந்துடணும்னு சொல்லுங்க."

"எல்லாருமா? நீயும் அம்மாவும்தானே?"

ஜூனி மீதி சாஸேஜ் முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அதற்குமேல் அவளைப் பேசவைக்க நீதிபதியாலும் முடியாது.

வண்டிக்குத் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், கேக்காமலே யாரும் இல்ல, யாரும் இல்லங்குது. அவன் மிரட்டி வெச்சிருக்கான். இப்பவே போய் அந்தப் படுபாவியைப் பிடிக்கலாம்."

"அந்த வீட்ல யாரோ இருக்காங்க. அது வரைக்கும் சரி."

"அது வரைக்கும் சரின்னா? வேற எவன் இருப்பான்?"

"எவன்னு யார் சொன்னது?" என்ற வெர்னா பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். ஆளுக்கொரு காபி வாங்கினார். தன்னுடையதை ஊதி ஊதி, ஊரில் உள்ள நேரமெல்லாம் தன்னுடையது போலக் குடித்தார். எனக்கோ கால் நிலைகொள்ளவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன், டயரை உதைத்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்தேன்.

"மேடம், ரெண்டு மணிக்குக் கோர்ட்!"

"தெரியும். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால சார்லா வீட்ல இருந்தாப் போதும்."

"பன்னிரண்டுல என்ன விசேஷம்? நல்ல நேரமா?"

"இன்னிக்குப் புதன்கிழமை லோனி," என்றார். நான் காபியோடு சேர்த்து அதையும் புரியாமல் விழுங்கினேன்.

சார்லாவின் டிரெய்லர் வீடு ஊர் எல்லையில், கோதுமை வயலை ஒட்டி இருந்தது. வசந்தக் காற்று ஆளைத் தள்ளியது. வானம் துடைத்து வைத்தது போல நீலம். வாசல் படியில், கேலின் சொன்னபடியே, என் இரண்டு காலையும் ஒன்றுக்குள் விடலாம் போன்ற பெரிய வேலைப் பூட்ஸ். பக்கத்தில் கன்றுக்குட்டி தண்ணீர் குடிக்கிற அளவில் ஒரு நாய்க் கிண்ணம்.

"பாத்தீங்களா!" என்று கிசுகிசுத்தேன். மழைக்கோட்டுக்குள் தடி தயாராக இருந்தது. "பூட்ஸ் இங்க இருக்குன்னா ஆளு உள்ளதான்."

வெர்னா குனிந்து பூட்ஸுக்குள் எட்டிப்பார்த்தார். "ஆமா, உள்ளதான் இருக்காரு. எட்டுக் கால்."

நானும் எட்டிப்பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை பின்னி, நடுவில் ஐயா சௌகரியமாகப் படுத்திருந்தார்.

"கூரை இன்சூரன்ஸ்ல இதை நிறையப் பாத்திருக்கேன்," என்றார் வெர்னா. "தனியா இருக்கற பொம்பளை செகண்ட் ஹேண்ட் கடையில பெரிய பூட்ஸா வாங்கி வாசல்ல போட்டு வைப்பா. நாயே இல்லாம நாய்க் கிண்ணம் வைப்பா. திருடன் பயந்து போயிடுவான்னு ஒரு தைரியம். எங்க வீட்டுப் படியிலயும் ஒரு ஜோடி கிடக்கு. பாவம் கேலினுக்கு இருபத்திமூணு வயசு, அப்பா அம்மாவோட இருக்கா. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ராய்ஸ் இல்லையா?"

"பூட்ஸ்ல இல்ல."

கதவைத் திறந்த சார்லா, நீதிமன்றத்துக்கென்று எடுத்துவைத்த நீலச் சட்டையில் இருந்தாள். மெலிந்த உடம்பு, முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் குச்சி போல நின்றன. இடது மணிக்கட்டுப் பொத்தானைப் போட முடியாமல் பல்லால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெர்னா அந்தக் கையைப் பிடித்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"என்ன மிஸ் வெர்னா, இந்த நேரத்துல? கோர்ட்லயே பாக்கலாம்னு..." சார்லாவின் கண் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடி, கொல்லைப்புறம் போய்த் திரும்பி வந்தது.

அந்தக் கண் போன வழியில் நானும் போனேன். கொல்லையில் ஒரு மண் மேடு. அதன் மேல் சாய்வாக இரும்புக் கதவு. சூறாவளி வந்தால் இறங்கி ஒளிந்துகொள்கிற பதுங்குகுழி, எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் உண்டு. கதவுக்கு முன்னால் புல் மிதிபட்டுக் கிடந்தது. வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் ஒயர் புல்லுக்குள் ஓடி, குழியின் காற்றுக் குழாய் வழியே உள்ளே இறங்கியிருந்தது.

"இதுக்குள்ள என்ன இருக்கு சார்லா?" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். "அங்க போகாதீங்க! பாம்பு அடைஞ்சு கிடக்கு. நாங்க திறக்கறதே இல்ல."

"பாம்புக்குக் கரண்ட் எதுக்கு? டிவி பாக்குதா?"

சார்லா கதவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கிடைத்துவிட்டான். தடியை உருவிக்கொண்டு கதவுக்கு நேராக நின்றேன்.

"மேடம், ஷெரிஃபைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"கதவைத் தொடாதே," என்றார் வெர்னா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "அங்கயே நில்லு. சார்லா, நீயும் என் பக்கத்துல வந்து நில்லும்மா. ஒண்ணும் ஆகாது."

அப்போது சங்கு ஊதியது.

தீயணைப்பு நிலையத்துக் கம்பத்தின் மேல் இருக்கும் சூறாவளிச் சங்கு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஊர் முழுக்க ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற ஓலம். எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் உச்சிப் பொழுதில் அதை ஊதிச் சோதிப்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அது காதில் விழுவதே இல்லை. பக்கத்து டிரெய்லர்க்காரர் நிமிராமல் புல் வெட்டிக்கொண்டிருந்தார். சார்லா இமைகூட அசைக்கவில்லை. நான் ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாக்கெட்டில் மிட்டாய் தேடினேன்.

இரும்புக் கதவு டமார் என்று திறந்தது.

"அம்மா! உள்ள வா! ஓடி வாம்மா!"

வெளியே பாய்ந்தது ராய்ஸ் இல்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. வெறுங்கால், பெரிய சட்டை, இடுப்பு வரை தொங்கும் பின்னல். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, சார்லாவின் தோளைப் பிடித்துக் குழியை நோக்கி இழுத்தாள். "சங்கு கேக்கலையா உனக்கு? வா!" அதோடு நிற்கவில்லை, என்னையும் பார்த்துக் கத்தினாள். "யோவ், மரம் மாதிரி என்ன நிக்கறே? சாகணுமா? அந்தப் பாட்டியையும் இழுத்துக்கிட்டு இறங்கு!"

பிறகுதான் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. பக்கத்து வீட்டுப் புல்வெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் கை சார்லாவின் தோளிலிருந்து மெல்ல நழுவியது.

"பாட்டின்னு சொன்னதை மன்னிச்சுடறேன்," என்றார் வெர்னா. "நீதானே ஷெல்பி?"

நான் தடியைக் கீழே போட்டேன். அது என் காலிலேயே விழுந்தது.

சங்கு ஓய்ந்தது. சார்லா புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உனக்குச் சொல்ல மறந்துட்டேனே கண்ணு," என்று மறுபடி மறுபடி சொன்னாள். "புதன்கிழமை ஊதுவாங்கன்னு சொல்ல மறந்துட்டேன். எங்களுக்கு அது காதுலயே விழறதில்ல."

"எங்க ஊர்ல சனிக்கிழமைதான் ஊதுவாங்க," என்றாள் ஷெல்பி. கோபமும் வெட்கமுமாக வெறுங்காலால் புல்லை உதைத்தாள்.

நான் வெர்னாவைப் பிடித்துக்கொண்டேன். "எப்படி மேடம்?"

"ஜூனியோட பின்னலைப் பாத்தியா? ஞாயித்துக்கிழமை போட்டது. அன்னிக்கு அவ அம்மா வீட்லதான் இருந்தா. சார்லாவுக்குச் சட்டைப் பொத்தானே போட முடியல, அப்படியொரு பின்னல் எப்படிப் போடுவா? ராய்ஸ் பின்னுவானா? அப்புறம், வெங்காயம். கற்பனைத் தோழிக்காக ஒரு அம்மா கறியில வெங்காயம் போடாம விடலாம். பிள்ளை ஆசைக்குன்னு வெச்சுக்கோ. ஆனா கற்பனைத் தோழி தலை பின்னிவிட மாட்டா."

"சரி, சங்கு?"

"இந்த ஊர்ல அவளை யாருக்கும் தெரியாது. அப்ப வெளியூர்க்காரி. வெளியூர்க்காரிக்கு நம்ம புதன்கிழமை தெரியாது. குழிக்குள்ள இருந்தா வானமும் தெரியாது. அவ இங்கதான் இருந்து, நல்ல பிள்ளையாவும் இருந்தா, அம்மாவைக் காப்பாத்த வெளிய வருவா. வராட்டிக் கதவைத் தட்டியிருப்பேன். நான் என்ன மந்திரவாதியா?"

மீதியைச் சார்லா சொன்னாள். ஷெல்பி அவளுடைய மூத்த மகள், முதல் கணவனின் பிள்ளை. பிரிந்தபோது அவன் மகளைத் தன்னோடு வேறு மாவட்டத்துக்குக் கூட்டிப்போனான். பிறகு அவன் ஜெயிலுக்குப் போக, அந்த மாவட்ட நீதிமன்றம் ஷெல்பியை ஒரு விடுதியில் சேர்த்தது. வேறு அப்பா, வேறு பெயர், வேறு நீதிபதி, வேறு கோப்பு. இங்கே உள்ள யாருக்கும் அங்கே ஒரு பெண் இருப்பது தெரியாது. அங்கே உள்ளவர்களுக்கு ஜூனியைத் தெரியாது. அக்காவும் தங்கையும் மட்டும் சார்லாவின் போனில் பேசிப் பழகியிருந்தார்கள். ஷெல்பி வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஓடிவந்தவள்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்றேன்.

"வீட்ல எத்தனை குழந்தைன்னு கேட்டாங்க. வீட்ல ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு அங்க விடுதியில இருக்குன்னு சொன்னா, ஏற்கனவே ஒண்ணைத் தொலைச்சவள்னுதானே நினைப்பாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை வாய்விட்டுப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பில் அந்தப் பெயர் இல்லை என்பதற்காக நாங்கள் அத்தனை பேரும் அவளைக் கற்பனையாக்கிவிட்டோம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் குடும்பம் என்றால் கோப்புக்குள் இருப்பதுதான்.

"நானும்தான் நம்பினேன்," என்றார் வெர்னா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "இன்னிக்குக் காலை வரைக்கும்."

சார்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ் வெர்னா, கோர்ட்ல சொல்லிடாதீங்க. ஓடிவந்த பொண்ணை ஒளிச்சு வெச்சா குத்தம்னு எனக்குத் தெரியும். இவளைப் போலீஸ் தேடுது. சொன்னா ஜூனியும் போயிடுவா. உங்க காலைப் பிடிக்கறேன்."

"மேடம், ரெண்டு மணி நேர விஷயம்தானே?" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "ஆம்பளை யாரும் இல்ல, பூட்ஸ் வெறும் பூட்ஸுன்னு சொல்லிட்டு வந்துடலாம். பொய்யும் இல்லையே! இவளை ராத்திரி நானே விடுதியில கொண்டுபோய் விட்டுடறேன்."

"முடியாது."

"பிள்ளைக்காகத்தானே கேக்கறோம்?"

"பிள்ளைக்காகத்தான் முடியாதுங்கறேன்." வெர்னாவின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அப்போது உயர்ந்தது. "இன்னிக்கு நான் ஒண்ணை மறைச்சா, நாளைக்கு ஜூனிக்காக நான் சொல்ற நிஜத்தையும் அந்த ஜட்ஜ் நம்ப மாட்டார். என்கிட்ட வேற என்ன இருக்கு? வக்கீல் பட்டமா? அந்த ஆள் என்னை நம்பறார், அவ்வளவுதான் இருக்கு."

"அப்ப ஜூனி?" என்றாள் சார்லா. வெர்னாவின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

ஷெல்பி குழிக்குள் இறங்கினாள். ஓடிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்போடு திரும்பி வந்தாள்.

"நான் வர்றேன். நீங்க சொல்ல வேணாம். நானே வந்து நிக்கறேன்."

நீதிபதி ப்ரூயிட்டின் அறை சிறியது. கேலின் எழுந்து, பூட்ஸ், குழாய்ச் சத்தம், இரண்டு தட்டு எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னாள். சார்லா தலை நிமிரவில்லை. அரசு வக்கீல், வார இறுதிச் சந்திப்புகளை இன்றே நிறுத்த வேண்டும் என்றார்.

"மிஸ் ஹேட்செல், நீங்க என்ன சொல்றீங்க?"

வெர்னா எழுந்தார். "கேலின் சொன்னதுல பாதி சரிங்க ஐயா. அந்த வீட்ல ஒரு ஆள் இருக்கறது நிஜம். கூட்டிட்டு வந்திருக்கேன்."

அறையே நிமிர்ந்தது. கேலின் வாசலைப் பார்த்த பார்வையில் ராய்ஸ் நுழையப் போகிறான் என்ற நடுக்கம் தெரிந்தது. நான் கதவைத் திறந்தேன். செருப்பு டப் டப் என்று ஒலிக்க ஷெல்பி உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

வெர்னா எல்லாவற்றையும் சொன்னார். ஓடிவந்தது, ஒளித்தது, பதுங்குகுழி, எதையும் விடவில்லை. அரசு வக்கீல் பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டார். நீதிபதி அவரைக் கையசைத்து உட்காரவைத்தார்.

"அம்மா, தேடப்படற பிள்ளையை ஒளிச்சு வெச்சா உங்க வழக்கே கெட்டுப்போகும்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா? போன் பண்ணிச் சொல்லியிருந்தா ஜூனியாவது நிச்சயமாத் திரும்பக் கிடைச்சிருப்பாளே."

சார்லா எழுந்தாள். மடங்காத விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "இவ ராத்திரி முழுக்க நடந்து வந்து கதவைத் தட்டினா ஐயா. ஒருத்தி கிடைக்கணும்னா இன்னொருத்தியைப் பிடிச்சுக் குடுக்கணும். எந்தப் பிள்ளைன்னு நான் எப்படி ஐயா சொல்லுவேன்? எனக்கு அப்படிச் சொல்லத் தெரியல."

கேலின் மூக்கை உறிஞ்சினாள். நீதிபதி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷெல்பி இருந்த மாவட்டத்து நீதிபதியோடு போனில் பேசுகிறார் என்று காவலர் சொன்னார். நேரம் நகரவே இல்லை. நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், வெர்னா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

நீதிபதி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஷெல்பியை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் இடம் குடுக்காது. நம்ம ஊர் காப்பகத்துல தங்கட்டும், அம்மா தினமும் போய்ப் பாக்கலாம். அவ வழக்கை இங்க மாத்தித் தர அந்த ஜட்ஜ் ஒத்துக்கிட்டார். ஜூனியோட சனி ஞாயிறு சந்திப்பு நிக்காது. அக்காவும் கூட இருக்கலாம், கேலின் மேற்பார்வையில. பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பறதா இல்லையாங்கறதை இனி தனித்தனியாப் பேச மாட்டேன். அம்மா, அடுத்த தடவை யார் கதவைத் தட்டினாலும் முதல்ல மிஸ் ஹேட்செலைக் கூப்பிடுங்க. புரியுதா?"

சார்லாவால் தலையாட்டத்தான் முடிந்தது. காவலர் வந்து ஷெல்பியின் பக்கத்தில் நின்றார். அவள் நகரவில்லை.

"ஏதாவது சொல்லணுமா?" என்றார் நீதிபதி.

"என் பேரு எங்க எழுதுவீங்க?"

"என்னம்மா?"

"எனக்குத் தனியா ஒண்ணு திறந்துடாதீங்க. அங்க அப்படித்தான் செஞ்சாங்க. என் தங்கச்சி பேரு எதுல இருக்கோ அதுலயே என்னையும் எழுதுங்க. அப்பதான் யாராவது அவளைப் பத்தி விசாரிச்சா நான் இருக்கேன்னு தெரியும்."

நீதிபதி குமாஸ்தாவிடம் கையை நீட்டி ஜூனியின் கோப்பை வாங்கினார். அட்டையைத் திருப்பினார். பேனாவைத் திறந்து தன் கையாலேயே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"ஷெல்பி. ஜூனி. அம்மா சார்லா." பேனாவை எடுக்காமல் நிமிர்ந்தார். "வேற யாராவது விட்டுப்போச்சா?"

சார்லா மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"இல்லைங்க ஐயா," என்றாள் சார்லா. "நாங்க இவ்வளவு பேர்தான்."